கண்ணாடியில் இறங்கிய கோடுகள்

அத்தியாயம் பதினான்கு

மீன் இல்லாத தொட்டிக்கு அன்று காலை மூன்று பேர் காவல் நின்றார்கள்.

தையல் மெஷினை ஒட்டி நின்றவளைத் தெருவில் எல்லோரும் அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். கொழுந்தன் சின்னப் பையனாக இந்த வீட்டில் வளர்ந்தபோது பந்தைக் காணோம், சட்டையைக் காணோம் என்று வாசலில் நின்று 'அண்ணி, அண்ணி' என்று கத்திக் கத்தி, அது தெருவுக்கே ஒட்டிக்கொண்டது. பால் போடுகிறவர் அவளைவிட எவ்வளவோ மூத்தவர். அவருக்கும் அவள் அண்ணிதான்.

அந்தக் கொழுந்தன் இப்போது கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் நின்றான். லிஃப்ட் மெக்கானிக். தன் இஷ்டத்துக்குச் செய்துகொண்ட கல்யாணத்துக்கு அண்ணன் வரவில்லை என்று சண்டை போட வந்தான்; அவன் அன்றைக்குப் பேசிய பேச்சில் அண்ணியே எழுந்து, "இனிமே நீங்க இந்த வாசப்படி மிதிக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். சோறு ஊட்டிய கை, நீ என்றே கூப்பிட்ட வாய். அந்த 'நீங்க' அவனைச் செருப்பால் அடித்ததுபோல் ஆகிவிட்டது. போனவன் போனவன்தான். அண்ணன் இறந்த அன்று வந்தான். அன்றும் வாசலோடு நின்றான், கூடத்துக்குள் கால் வைக்கவில்லை. உள்ளே வந்தது இன்றைக்குத்தான், அதுவும் குட்டி கூப்பிட்டதால்.

குட்டி அண்ணியின் மகள். பெயருக்குத்தான் குட்டி, ஆள் நிலைவாசலின் மேல்கட்டையைத் தொடுவாள். கூரியர் ஆபீஸில் வேலை. எதைப் பார்த்தாலும் அவளுக்கு மூன்று கேள்விதான்: எடை எவ்வளவு, உடையுமா, எந்தப் பக்கம் மேலே.

வீட்டுக்காரருக்கு வீடு வேண்டுமாம்; மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். போகப்போகிற வீடு மாடியில், சின்னது. தொட்டி தண்ணீரோடு சேர்ந்தால் ஒரு எருமைக் கன்று எடை இருக்கும் என்று குட்டி அங்கே போய் உண்மையைச் சொல்லிவிட்டாள். நீங்க வாங்க, எருமை வேண்டாம் என்று அந்த வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே முடித்துவிட்டார். மீன்களை எதிர்வீட்டு டீச்சர் வாளியில் எடுத்துப்போனாள். தண்ணீரைக் குட்டி டியூப் போட்டு இறைத்தாள். தொட்டிக்குப் பின்னால் எங்கோ ஒளிந்திருந்த சுவிட்சைத் தேடி அணைப்பதற்குள் அவள் டார்ச்சும் கையுமாகத் தரையில் புரண்டு எழுந்தது ஒரு தனிக்கதை.

விற்பதில் அண்ணிக்கு மறுப்பில்லை. ஒரே ஒரு பிடிவாதம்தான். அது தொட்டியாகப் போக வேண்டும். யார் வீட்டிலாவது அதில் தண்ணீர் நிற்க வேண்டும், மீன் ஓட வேண்டும். அறுத்து அலமாரித் தட்டாகவும் மேஜை மேல் கண்ணாடியாகவும் ஆவதற்கு அவள் சம்மதிக்கமாட்டாள். கணவர் போன பிறகு அவள் யாரிடமும் எதற்கும் பிடிவாதம் பிடிக்கவில்லை என்பதால், இது ஒன்றை மற்ற இருவரும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார்கள்.

அவர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவராக இருந்தார். போன மாதம் ஒரு சாதாரண நாளில் காபி கேட்டார். அது ஆறுவதற்குள் போய்விட்டார். நல்லா இருந்த மனுஷன், ஒரு நிமிஷத்துல, ஒரு வலி இல்லாம என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். முதலில் அது அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. பிறகு அதையே பிடித்துக்கொண்டாள். ஒரு வலி இல்லாமல். அந்த ஒரு சொல்லில்தான் அவள் சாய்ந்து நின்றாள்.

தொட்டிக்காரர் வந்தார். ஆஸ்பத்திரி, ஹோட்டல் முன்கூடங்களில் மீன்தொட்டி வைத்துப் பார்த்துக்கொள்வது அவர் தொழில். குழந்தைகள் டாக்டர் ஒருவர், ஊசிக்குப் பயந்து அழும் பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டப் பெரிய தொட்டி கேட்டிருந்தாராம். அதைக் கேட்டதுமே அண்ணிக்கு மனசு அங்கே போய்விட்டது.

அவர் வணக்கம் சொன்னதோடு சரி. டார்ச்சைக் கண்ணாடியில் பக்கவாட்டாகச் சாய்த்து அடித்துக் கீறல் பார்த்தார். விளிம்பு முழுக்க நகத்தை ஓட்டிச் சில்லு தேடினார். மேலே கண்ணாடி பிதுங்காமல் பிடித்திருக்கும் குறுக்குப் பட்டையைத் தட்டிக் காது வைத்துக் கேட்டார். மூலைகளில் கண்ணாடியோடு கண்ணாடியை ஒட்டியிருந்த பசையைக் கட்டைவிரலால் அழுத்தினார், மோந்துகூடப் பார்த்தார்.

"மாட்டுக்குப் பல்லு பாக்குற மாதிரில்ல பாக்குறாரு" என்று கொழுந்தன் குட்டியின் காதில் முணுமுணுத்தான்.

கண்ணாடி நல்ல கனம் என்றார் அவர் கடைசியில். கீறல் இருக்கிறது, ஆனால் பாசி சுரண்டிய கீறல், தண்ணீர் நின்றால் மறைந்துவிடும். பசை இன்னும் ரப்பர் மாதிரி மெத்தென்று இருக்கிறது, பொடியவில்லை. வைத்திருந்தவர் ஒழுங்கான மனுஷர். புதுசு விலையில் பாதிக்கு மேலேயே தரலாம்.

அண்ணிக்கு மூச்சு வந்தது.

"ஆனா இது என்னான்னுதான் தெரியல" என்று அவர் முன்பக்கக் கண்ணாடியில் விரலை வைத்தார்.

அப்போதுதான் அவள் பார்த்தாள். தண்ணீர் இருந்தவரை ஈரத்தில் மங்கித் தெரியாதது, காய்ந்த பிறகு வெளுத்துத் தெரிந்தது. தண்ணீர் நின்று நின்று உப்புப் படிந்த கோடு. மேலே, விளிம்புக்குக் கொஞ்சம் கீழே, தடித்த கோடு ஒன்று. அதற்குக் கீழே மெல்லியதாக இன்னொன்று. அதற்கும் கீழே இன்னொன்று. இப்படி ஒன்றன்கீழ் ஒன்றாக, ஏறக்குறைய பாதித் தொட்டி வரைக்கும் இறங்கி வந்திருந்தது.

ஒரே அளவு தண்ணீர் நின்ற தொட்டியில் ஒரே கோடுதான் இருக்கும் என்று அவர் விளக்கினார். முதலில் ரொம்ப நாள் மேலே நின்றிருக்கிறது, அதுதான் தடித்த கோடு. பிறகு படிப்படியாகக் குறைந்திருக்கிறது. மேல்பக்கம் எங்கோ ஒழுகுகிறது. ஒழுக ஒழுக, வைத்திருந்தவர் அளவைக் கீழே இறக்கிக்கொண்டே வந்திருக்கிறார். தொழிலில் இதை எத்தனையோ பார்த்தாயிற்று.

"ஒழுகுற தொட்டிய டாக்டர்கிட்ட வைக்க முடியாதும்மா. பழைய கண்ணாடின்னு வேணா எடுத்துக்கறேன். அறுத்தா நாலு தட்டு தேறும்."

அண்ணிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அடுத்தவன் எழுத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனால் ராத்திரி சோறு இறங்காத மனிதர், சொந்த வீட்டில் தொட்டியை ஒழுகவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் இருப்பாரா? இருந்தால், வேறு எதையெல்லாம் சொல்லாமல் இருந்தார்?

தண்ணீர் குறைந்தது அவளுக்குத் தெரியாததல்ல. கண்ணால் பார்த்ததைவிடக் காதால் தெரியும். தொட்டியின் பின்பக்கம் தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஃபில்டர் ஒன்று தொங்கும். அதன் வாயிலிருந்து தண்ணீர் திரும்பத் தொட்டியில் விழும். மட்டம் உயர்ந்திருந்தால் சத்தமே வராது. மட்டம் இறங்க இறங்க, திறந்துவிட்ட குழாய் மாதிரிச் சளசளவென்று விழும். காலையெல்லாம் துணிக்கடையில் பேண்ட் நீளம் குறைத்துவிட்டு வந்து, மாலையில் வீட்டு மெஷினில் உட்கார்ந்தால் அந்தச் சத்தம் மண்டையைக் குடையும். கொஞ்சம் தண்ணி ஊத்துங்களேன் என்று எத்தனை தரம் கத்தியிருப்பாள். அவர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "இருக்கட்டுமே, மழை பெய்யிற மாதிரி இருக்கு" என்பார்.

ஒழுகுவதை மறைக்கவா மழை?

"ஒழுகலைன்னா?" என்று கேட்டது கொழுந்தன். "நிரப்பிப் பாத்துட்டா தெரிஞ்சிடுமில்ல?"

தொட்டிக்காரர் தோளைக் குலுக்கினார். விளிம்பு வரை நிரப்பி, அடியில் செய்தித்தாள் விரித்து வையுங்கள், சாயங்காலம் டாக்டரிடம் போகிற வழியில் வந்து பார்க்கிறேன் என்றார். தாள் காய்ந்திருந்தால் தொட்டி. நனைந்திருந்தால் கண்ணாடி. போகும்போது ஏதோ நினைத்தவர் மாதிரித் திரும்பி, தடித்த கோட்டுக்கும் மேலே, விளிம்பை ஒட்டி, விரலில் எச்சில் தொட்டு ஓரிடத்தைத் தேய்த்தார். அங்கேயும் மங்கலாக ஒரு கோடு இருந்தது. தேய்த்ததும் சட்டென்று அழிந்தது.

"மத்ததெல்லாம் கெட்டிச்சுப்போச்சு, நகத்துல சுரண்டினாலும் வராது. இது மட்டும் புதுசு. எப்பவோ சமீபத்துல ஒரு தடவ ரொம்பி வழிய ஊத்தியிருக்காங்க. அதுவும் ஒரு தடவதான்." அவருக்கே அது புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "என்ன கணக்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

குழாயில் அந்த நேரத்தில் தண்ணீர் வராது. கொல்லைப் பக்கத்தில் பெரிய டிரம்மில் பிடித்து வைத்ததுதான் உண்டு. மீனுக்குக் குழாய்த் தண்ணீர் அப்படியே ஆகாது, மருந்து வாசனை போக ஒரு நாளாவது நிற்க வேண்டும் என்று கணவர் வைத்த டிரம். அங்கிருந்து வாளியில் எடுத்து, அடுக்களை தாண்டி, கூடத்துக்கு வந்து, தோள் உயரத்தில் இருக்கும் தொட்டிக்குள் ஊற்ற வேண்டும். முன்பெல்லாம் தொட்டி தாழ்வாக வேறு சுவரோரம் இருந்தது. போன வருஷம்தான் தச்சரைக் கூப்பிட்டு உயரமான ஸ்டாண்ட் செய்து, மெஷினுக்கு நேர் எதிரே மாற்றினார். உட்கார்ந்து தைக்கும்போது உன் கண்ணுக்கு நேரே மீன் போகணும் என்றார். மீனைப் பார்த்து ஊசியைக் கையில் ஏற்றிக்கொண்டால் யார் பொறுப்பு என்று அவள் கேட்டாள்.

கொழுந்தன் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வாளியைத் தூக்கினான். குட்டி ஒரு வாளியோடு சரி. இதுக்குப் பேசாம எங்க ஆபீஸ்ல சொல்லித் தண்ணியையே பார்சல்ல வரவழைச்சிருக்கலாம் என்று தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கப்பா தினம் செஞ்ச வேலடி இது" என்றாள் அண்ணி.

"அதான் அப்பாவுக்கு இப்படிக் கை" என்று குட்டி காற்றில் பயில்வான் போலக் கையை மடக்கிக் காட்டினாள். பிறகு கையை மெதுவாக இறக்கிக்கொண்டாள். கடைசி நாட்களில் அப்பாவின் சட்டைக் கை தொளதொளவென்று தொங்கியது இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்தது. தையற்காரி வீட்டில் சட்டை தொளதொளப்பதா என்று அப்போது அவள் அதைப் பிடித்துத்தான் தைத்துக் கொடுத்தாள். வயசானா உடம்பு வத்தும் என்று நினைத்தாள். அதற்கு மேல் நினைக்கவில்லை.

தண்ணீர் ஏறியது. கீழ்க் கோடு முழுகியது. பிறகு அதற்கு மேல் கோடு. ஈரம் பட்டதும் உப்பு கண்ணாடியோடு கண்ணாடியாகி, அங்கே கோடு என்று ஒன்று இருந்ததே தெரியவில்லை.

குட்டி ஆபீசுக்குக் கிளம்பினாள். தடித்த கோட்டை எட்டும் முன்னால் கொழுந்தனுக்கு போன் வந்தது. ஏதோ கட்டிடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது, உள்ளே ஒரு பெரியவரும் அவர் நாயும். நாய்தான் ரொம்பக் கத்துகிறதாம். அவன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, மிச்சத்தை வந்து ஊத்துறேன், நீங்க தூக்காதீங்க என்று சொல்லிவிட்டு ஓடினான். அவளும் 'சரிங்க' என்றாள். அந்த 'ங்க' இன்னும் நடுவில் நின்றது.

வீடு அமைதியானது. பாதி சாமான் பெட்டிக்குள் போய்விட்ட வீடு. உட்கார மெஷின் நாற்காலி ஒன்றுதான் மிச்சம். அவள் அதில் உட்கார்ந்து தொட்டியைப் பார்த்தாள். மீன் இல்லாத தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

பிறகு கண் கீழே போனது. ஸ்டாண்டின் அடியில் விரித்த செய்தித்தாளின் இடது மூலை கறுத்திருந்தது.

தொட்டுப் பார்த்தாள். ஈரம்.

அப்படியானால் ஒழுகுகிறது. அப்படியானால் தொட்டிக்காரர் சொன்னதுதான் சரி. அப்படியானால் அவர் மறைத்தார். அவளுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டி நழுவும் விலாங்கு மாதிரிக் கோபம். சண்டை போடலாம் என்று பார்த்தால் எதிரே ஆள் இல்லை. அவர் இருந்திருந்தால் ஒரு கேள்வியில் முடிந்திருக்கும். ஏங்க, இது ஒழுகுதா? அவ்வளவுதான்.

ஆனால் இருபது வருஷமாக அவள் செய்வது தையல் வேலை. துணிக்கடைக்கு மழைக்கோட்டு வந்தால், ஒழுகுகிறது என்று வாடிக்கைக்காரர் சொல்வதை அவள் அப்படியே நம்புவதில்லை. கழுத்து வழியாக இறங்கிய தண்ணீரையும் தையல் விட்டது என்றுதான் சொல்வார்கள். வெளிப்பக்கம் தையல் நெடுக, துணியில் குறி போடுகிற நீலச் சாக்பீஸைத் தேய்த்து, உள்ளே தண்ணீர் ஊற்றித் தொங்கவிடுவாள். ஈரம் எங்கே வருகிறதோ அங்கே சாக்பீஸ் தூள் மை மாதிரிக் கறுக்கும். தையல் பொய் சொல்லாது.

மெஷின் டிராயரிலிருந்து சாக்பீஸை எடுத்தாள். தொட்டியின் வெளிப்பக்கம் முழுவதையும் துணியால் ஒற்றித் துடைத்தாள். ஈரத் தாளை உருவிவிட்டு வேறு விரித்தாள். நான்கு மூலையிலும் மேலிருந்து கீழ்வரை, பிறகு அடிச்சட்டம் சுற்றிலும், ஒட்டுப் போட்ட இடமெல்லாம் நீலத்தைப் பூசினாள். பூசிவிட்டு உட்கார்ந்தாள். பித்தான் தைக்க வேண்டிய சட்டைகள் இருந்தன, தைத்தாள். கண் நூலில் இருந்ததைவிட அந்த நீலத்தில்தான் அதிகம் இருந்தது.

சட்டைகள் முடிந்தன. நீலம் நீலமாகவே இருந்தது. புதிய தாளிலும் ஒரு பொட்டு ஈரம் இல்லை. முன்னால் நனைந்தது குட்டி தளும்பத் தளும்பக் கொண்டுவந்த அந்த ஒரு வாளி. சிந்தியது சட்டத்துக்கு அடியில் ஓடி மூலையில் சேர்ந்திருக்கிறது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உடனே அந்தச் சிரிப்பு நின்றும் போனது. மேலே இன்னும் நாலு விரற்கடை நிரம்பவில்லை. ஒழுகல் அங்கேதான் இருக்கிறது என்றல்லவா தொட்டிக்காரர் சொன்னார்.

கொழுந்தன் வரக் காத்திருக்கலாம். காத்திருக்க முடியவில்லை. கொல்லைக்குப் போய் வாளியை நிரப்பினாள். தூக்கி, அடுக்களை தாண்டும்போதே விரல்கள் வெளுத்தன. கூடத்தில் வைத்து மூச்சு வாங்கினாள். பிறகு இரண்டு கையாலும் பிடித்துத் தோளுக்கு உயர்த்தினாள். பாதி உயரத்துக்கு மேல் கை ஏறவில்லை, வாளி சாய்ந்து அவள் புடவையெல்லாம் தண்ணீர். இறக்கி வைத்துவிட்டாள்.

இவ்வளவு கனமா?

சின்னதாக ஏதாவது இருந்தால் மொண்டு மொண்டு ஊற்றலாம். அடுக்களைப் பாத்திரம் எல்லாம் பெட்டியில். மீன் தீனி டப்பாக்கள் இருக்கும் ஸ்டாண்டின் கீழ்த்தட்டைத் திறந்து கையை விட்டாள். டப்பாக்களுக்குப் பின்னால் கையில் பிடி ஒன்று தட்டுப்பட்டது.

மாவு கலக்கும் ஜக். நீலப் பிடி போட்ட சின்ன பிளாஸ்டிக் ஜக். எத்தனையோ மாதம் முன்னால் அடுக்களையிலிருந்து காணாமல் போனது. குட்டிதான் ஆபீசில் கொண்டுபோய்த் தொலைத்தாள் என்று இரண்டு நாள் அவளோடு பேசாமல்கூட இருந்தாள். அப்போது அவர் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. ஜக்கின் உட்புறம் முழுக்க வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. ஒருநாள் இருநாள் படிந்ததல்ல.

அவள் ஜக்கையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தாள். இதில் ஒரு தரம் மொண்டால் விரல் நகம் அளவு மட்டம்கூட ஏறாது.

தொட்டி தண்ணீரைக் குடிக்கவில்லை. தண்ணீர் காற்றில் தானாகக் குறையும். குறைந்ததை நிரப்ப ஒருவர் தூக்க வேண்டும். முதலில் வாளியில் தூக்கினார், தடித்த கோடு. பிறகு அரை வாளி. பிறகு ஜக். அவள் துணிக்கடைக்குப் போன பிறகு, யாரும் பார்க்காதபோது, கொல்லைக்கும் கூடத்துக்கும் நடந்திருக்கிறார். எவ்வளவு முடிந்ததோ அவ்வளவு. முடியாமல் போனதெல்லாம் கோடாக நின்றுவிட்டது.

மழை பெய்யிற மாதிரி இருக்கு.

அவள் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள். நல்லா இருந்த மனுஷன் என்றார்களே. ஒரு நிமிஷத்துல என்றார்களே. நிமிஷம் எங்கே இருந்தது இதில்? இது வருஷம் முழுக்க இறங்கியிருக்கிறது, அவள் கண்ணுக்கு நேரே, அவளுக்காகவே உயர்த்தி வைத்த கண்ணாடியில். அவருக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்துதான் சொல்லாமல் இருந்தாரா? இல்லை, சோர்வு என்று நினைத்துக்கொண்டாரா? தான் இத்தனை நாள் சாய்ந்திருந்த சொல்லை மனசுக்குள் தேடினாள். அது இருந்த இடத்தில் இல்லை.

எழுந்து ஜக்கால் மொண்டு ஊற்ற ஆரம்பித்தாள். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. தடித்த கோடும் முழுகியது. விளிம்பை எட்டும்வரை ஊற்றினாள். மேல்மூலைகளில் மறுபடி நீலம் பூசினாள்.

சாயங்காலம் கொழுந்தனும் தொட்டிக்காரரும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். நாய் பத்திரமாம், பெரியவர்தான் மாடிப்படி ஏறிப் போகிறேன் என்று அடம் பிடிக்கிறாராம். சொல்லிக்கொண்டே வந்தவன், தொட்டி விளிம்புவரை நிரம்பியிருப்பதையும் அண்ணியின் ஈரப் புடவையையும் பார்த்துப் பேச்சை நிறுத்தினான்.

தொட்டிக்காரர் நீலக் கோடுகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். குனிந்து தாளைத் தடவினார். இது நல்ல வித்தையா இருக்கே என்று சாக்பீஸை வாங்கி மோந்துகூடப் பார்த்தார். காலையில் சொன்னது தப்பு என்று ஒத்துக்கொள்ள அவருக்குக் கஷ்டமில்லை. முதலில் சொன்ன நல்ல விலையையே தருவதாகச் சொன்னார், காலையில் ஆட்களோடு வந்து தூக்கிக்கொள்கிறேன், டாக்டரிடம் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன் என்றார். ஆனாலும் மனசு ஆறவில்லை.

"ஒழுகல. அப்போ எதுக்கும்மா அவரு தண்ணியக் கொறச்சாரு?"

"அவருக்கு அந்தச் சத்தம் பிடிக்கும்" என்றாள் அண்ணி. "மழை மாதிரி இருக்கும்னு சொல்வாரு."

கொழுந்தன் தரையைப் பார்த்தான்.

கடைசியாக ஃபில்டரும் ஓடுகிறதா என்று பார்த்துவிடலாம் என்றார் தொட்டிக்காரர். வயரைப் பிடித்துக்கொண்டே சுவருக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் எட்டிப் பார்த்தார். சுவிட்ச் எங்கே என்று தெரியாமல் இந்தப் பக்கம் தடவினார், அந்தப் பக்கம் தடவினார்.

"தள்ளிக்குங்க" என்று கொழுந்தன் ஒரு முழங்காலை ஊன்றினான். முகத்தை அண்ணியின் பக்கம் வைத்துக்கொண்டே, பார்க்காமல், இடது கையை ஸ்டாண்டின் பின்னால் வளைத்து மேலே விட்டான். டக் என்றது.

ஃபில்டர் ஓடியது. தண்ணீர் விளிம்புவரை நின்றதால் விழுவதற்கு உயரமே இல்லை. ஒரு சத்தமும் வரவில்லை. மேற்பரப்பு மட்டும் மெல்ல நகர்ந்தது.

இந்த அமைதி அவளுக்குத் தெரியும். அவர் போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், ஒரு மாலை கடையிலிருந்து வந்து மெஷினில் உட்கார்ந்தபோது இப்படித்தான் இருந்தது. இன்னைக்குத்தான் நிம்மதி, இப்படியே வச்சிருங்க என்று சொன்னாள். அவர் சிரித்தார். பாப்போம் என்றார். இரண்டு வாரத்துக்குள் சளசளப்பு திரும்பிவிட்டது.

விளிம்பை ஒட்டி ஒரு கோடு. ஒரு தடவைதான். எச்சில் தொட்டால் அழிகிற புதுக் கோடு.

தொட்டிக்காரர் விடைபெற்றுப் போனார். வாசல் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும்வரை அண்ணி காத்திருந்தாள். கொழுந்தன் எழுந்திருக்கவில்லை, முழங்காலில் ஒட்டியிருந்த தாள் துண்டைக் கிள்ளிக்கொண்டிருந்தான்.

"இந்த ஸ்டாண்டு இங்க வந்தது போன வருஷம். நீ வாசப்படி மிதிச்சே மூணு வருஷம் ஆச்சு. குட்டியே டார்ச் அடிச்சுத் தேடின சுவிட்சு." அவள் குரல் உயரவில்லை. "அது எங்க இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவன் தலை நிமிர்ந்தான். 'நீ' என்று காதில் விழுந்ததோ, கேள்வி விழுந்ததோ, கண் இரண்டும் நிறைந்துவிட்டது. வாளியை எடுத்து, மிச்சத் தண்ணீரைச் சிந்தாமல் ஓரமாக வைத்தான். பிறகு மெஷின் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டான்.

"உக்காருங்க அண்ணி" என்றான். "நின்னுக்கிட்டுக் கேக்குற விஷயமில்ல இது."